மாட்டாத ஒயர்

என்னங்க,

கம்ப்யூட்டர் ஆன் ஆச்சான்னு கேட்டிருந்தீங்க. அத்தை சாகுறதுக்கு முன்னாடி கடைசி மாசம் பேசினதைப் பதிவு பண்ணது அதுல மட்டும்தான் இருக்குன்னு எனக்கும் ஞாபகம் இருக்கு.

நீங்க எழுதினபடியே பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். ரேமைக் கழற்றி, ரப்பர் போட்டுத் தேய்ச்சு மறுபடி மாட்டினேன். ஃபேன் சுத்துச்சு, திரை மட்டும் இருட்டு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, புதுப் பவர் சப்ளை வாங்கி நீங்களே மாட்டின அன்னைக்கு வந்த அதே இருட்டு. நான் துடைக்கிறேன்னு கை வச்சுக் கெடுத்துட்டதா உங்க அக்கா முன்னாடி, என் தம்பி முன்னாடி சொன்னீங்க. நானும் நம்பி, அழுது மன்னிப்பு கேட்டேன். அதுக்கப்புறம் நீங்க என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. போன மாசம் வீட்டை விட்டும் போயிட்டீங்க.

நேத்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அந்தப் பவர் சப்ளையில இருந்து ப்ராசஸருக்குக் கரண்ட் போற சின்ன ஒயர் ஓரமாத் தொங்குது. கம்பெனியில ஒயரைச் சுருட்டிக் கட்டி அனுப்பின கட்டைக்கூட நீங்க பிரிக்கல. பிரிச்சு மாட்டினேன், உடனே ஓடுச்சு.

அத்தை குரலை முழுசாக் கேட்டேன். ஒரு இடத்துல, "அவளைச் சும்மா சும்மா திட்டாதடா"ன்னு உங்ககிட்ட சொல்றாங்க.

ரிப்பேர் ஆன கம்ப்யூட்டர்ல பழசு மிச்சம் இருந்தா கோளாறு திரும்ப வரும், மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்னு நீங்கதான் சொல்வீங்க. அப்படியே செஞ்சுட்டேன்.

இப்ப நல்லா ஓடுது.

இப்படிக்கு,
கை வச்சுக் கெடுத்தவள்