மீளி என்னும் பெயரின் மெய்வரலாறு

திரு ஓங்குக. ஒன்பது குன்றங்களுக்குத் தலைவியும், சுனை வற்றாத செறுவை நாட்டின் கோவரசியும், சொன்ன சொல் பிறழாதவருமாகிய அல்லியங்கோதைப் பெருந்தேவியார் திருமுன்பு, கடலை எல்லையாகக் கொண்ட கானலங்கரை நாட்டு வேந்தர் மாவேழர் ஆணைப்படி, அவர்தம் அமைச்சன் அகவலூர்ப் பெருஞ்சாத்தன் வணங்கி எழுதுவது. தங்கள் குன்றங்களில் தினை முற்றுக. தங்கள் அரண்மனையில் புதிதாய்ப் பிறந்த இளங்குருத்து நலம் பெறுக.

என் பெயருக்கு முன் 'சொற்கடல்', 'நூற்கரை கண்டவன்' என்னும் பட்டங்களைக் காணாது தாங்கள் வியக்கலாம். அவை இப்பொழுது என்னிடம் இல்லை. அவை பறிபோன கதையே தங்கள் வினாவுக்கு விடையுமாகும்.

எம் இளவரசியின் பெயராகிய மீளி எங்கிருந்து வந்தது, அதன் பொருள் யாது, அதைத் தாங்குவோர் எத்தனை பேர் என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். ஓலையின் கடைசி வரியில், எழுத்து சற்றே நடுங்கிய இடத்தில், குறைமாதத்தில் பிறந்த தங்கள் மகள் பாலுண்ணாது கிடக்கிறாள் என்றும், அப்பெயருக்கு உயிரை மீட்கும் ஆற்றல் உண்டென்று உப்பு வணிகர் சொல்லக் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். எம் வேந்தர் அவ்வரியை இருமுறை படித்தார். பின்பு என்னை நோக்கி, விடையை உன் கையாலேயே எழுது, உண்மையை மட்டும் எழுது, யானை எதுவும் அதில் வரலாகாது என்றார். மன்னிக்க வேண்டும், யானை ஒருமுறை வந்தே தீரும்.

எம் அரசி நன்முகையார் இரண்டு மகவுகளைத் தொட்டிலிலேயே இழந்தவர். சென்ற ஆண்டு அவருக்குப் பெண் பிறந்தபோது, நாட்டில் எவருக்கும் இல்லாத பெயர் ஒன்றை ஐந்து நாளில் கொணர்க என்று வேந்தர் எனக்குக் கட்டளையிட்டார். நான்கு நாள் ஏடுகளைப் புரட்டினேன். நான் கண்டெடுத்த முதற்பெயர் பதினேழு எழுத்துடையது. அரசியார் அதைச் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை உறங்கிவிட்டது. அடுத்த பெயர் ஒருவகைக் கத்தரிக்காய்க்கு வழங்குவது என்று மடைப்பள்ளியார் சொல்லியனுப்பினர். ஐந்தாம் நாள் காலை வெறுங்கையோடு பல்லக்கில் உப்பளத்தைக் கடந்தேன். வரப்பில் நின்ற ஒருத்தி, "ஏ மீளி! வெயில் ஏறுது, வாடி!" என்று தன் மகளைக் கூவினாள்.

நல்ல பெயர், சிறிய பெயர். பழஞ்செய்யுள்களில் வலிமைக்கும் வீரர்க்கும் வழங்கும் சொல் என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தது. பல்லக்கை நிறுத்தி அவளை ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அரண்மனை வாயிலை அடைவதற்குள், அப்பெயரை நானே ஏட்டிலிருந்து கண்டெடுத்ததாக நம்பத் தொடங்கிவிட்டேன்.

அவையில் நின்று, முற்காலத்தில் மீளி என்றோர் அரசி இருந்தாள், கோட்டை வாயிலில் தனியே நின்று பகைவர் யானைகள் மூன்றைப் புறங்காட்டச் செய்தாள், செல்லரித்த ஏடொன்று இதைச் சொல்கிறது என்றேன். தங்களுக்கு மங்கல ஓலை எழுதுகையில் மூன்று குறைவாகத் தோன்றியது; முப்பது என்று எழுதினேன். அவ்வரசி இல்லை, அவ்வேடு இல்லை, யானைகளும் இல்லை. வேந்தர் மகிழ்ந்து எனக்கு இரண்டு பட்டங்களும் ஒரு பட்டாடையும் தந்து, இப்பெயர் இளவரசிக்கே உரியது, பிறர் தாங்கலாகாது என்று முரசறைவித்தார். முரசுக்குரிய சொற்களை எழுதியவனும் நானே. எழுதுகையில் உப்பளச் சிறுமி நினைவுக்கு வந்தாள். ஒரு சிறுமிதானே, வேறு பெயர் வைத்துக்கொள்வாள் என்று எழுத்தாணியை ஓட்டினேன்.

முரசறைந்த பத்தாம் நாள் அவ்வுப்பளத்தாள், கொற்றி என்பவள், ஏழு வயது மகளைக் கையிற் பிடித்தபடி அவைக்கு வந்தாள். ஊர்த்தலைவன் அச்சிறுமியை இனிச் சின்னாள் என்றே அழைக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தான். அன்றுமுதல் எவர் அழைத்தாலும் அவள் ஏனென்று கேட்பதில்லை, வாய்திறந்து பேசுவதுமில்லை. "எம் மவ பேரத் திருப்பிக் கேக்க வந்தேன் ராசா" என்றாள் கொற்றி.

நான் இருக்கையிலிருந்தபடியே, அது பண்டை வீராங்கனையின் பெயராயிற்றே, ஏடு தெரிந்தோர் மட்டுமே அறிந்த பெயர் உன்னிடம் எப்படி வந்தது என்று வினவினேன். அவள் சொன்னதை அவ்வாறே எழுதுகிறேன்.

"எங்களுக்கு ஏது ஐயா ஏடு? உப்பு வாரிக்கிட்டு இருக்கையில வலி எடுத்துச்சு. வரப்புலயே பெத்தேன். புள்ள அழுவல, மூச்சும் இல்ல. இவ அப்பன் வாயில வாய் வச்சு ஊதுனாரு, முதுவத் தேச்சாரு, திரும்ப ஊதுனாரு. போயிட்டாள்னு நான் மூஞ்ச மூடிக்கிட்டேன். அப்பறம் பூனக்குட்டி மாதிரி ஒரு சத்தம். மீண்டுட்டா, மீண்டுட்டான்னு அவரு கத்துனாரு. அதான் மீளி. வேற ஒண்ணும் இல்ல."

வேந்தர் என்னைப் பார்த்து ஏடு எங்கே என்றார். நான் தக்கதொரு பொய்யைத் தேடிக்கொண்டிருக்கையில், பத்து நாளாய்ப் பேசாதிருந்த சிறுமி வாய் திறந்தாள். "அம்மா, இவருதான் அன்னிக்குப் பல்லக்குலேருந்து நம்மள எட்டிப் பாத்தாரு."

அறுபதை நெருங்கும் என் வாழ்வில் இத்துணைச் சுருக்கமான மறுப்புரையை நான் கேட்டதில்லை. தேடிய பொய் அகப்படவில்லை. அனைத்தையும் ஒப்புக்கொண்டேன்.

அப்பொழுது நன்முகையார் குழந்தையோடு இருக்கையை விட்டு இறங்கி வந்தார். கொற்றியின் எதிரே நின்று, இவளையும் அப்பெயரால் அழைத்துக்கொள்ள நீ இசைவாயா என்று கேட்டார். கொற்றி குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பேரு என்ன, கொடத்துத் தண்ணியாம்மா, மொண்டா கொறையறதுக்கு? நல்லா வச்சுக்கோங்க. எம் மவகிட்டேருந்து மட்டும் எடுத்துடாதீங்க" என்றாள்.

வேந்தர் தம் தடையை அக்கணமே நீக்கினார். என் பட்டங்களையும் நீக்கினார். முரசறைந்த நாற்பத்திரண்டு ஊர்களிலும் நானே நின்று, நான் சொன்னது பொய் என்று என் வாயாற் சொல்ல வேண்டும் என்று தண்டித்தார். முதலூரில் எனக்குக் குரலே எழவில்லை. முரசறைவோன் குனிந்து, "பொய் சொன்னப்ப இருந்த தொண்ட இப்ப எங்க போச்சுங்க?" என்று கேட்டான். பத்தாம் ஊருக்குள் எனக்கு நன்கு பழகிவிட்டது. என் இழிவையே அடுக்குமொழியில் அழகுபடச் சொல்லத் தொடங்கினேன். முரசறைவோன் கண்டித்த பிறகே நிறுத்தினேன்.

கடைசி ஊர் தாழைமுனை. நான் பேசி முடித்ததும் இளம்பரதவன் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவன் மனைவி முந்தின நாள் குறைமாதத்தில் ஈன்றிருந்தாள். "அந்தப் பேர வச்சா புள்ள பொழைக்குமா ஐயா?" என்றான். ஊரே என் வாயைப் பார்த்தது. வினாவுக்கு விடையின்றி நான் நின்றதே இல்லை. அறியாதவற்றுக்குத்தான் நீண்ட விடை சொல்வேன்.

"தெரியாதப்பா" என்றேன்.

அவன் என் கையைப் பற்றித் தன் குடிலுக்கு இழுத்துச் சென்றான். ஏன் என்று அவனுக்கும் தெரிந்திராது. உள்ளே பூதி என்னும் மருத்துவச்சி, கையளவே இருந்த சிசுவைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துத் துணியாற் கட்டி, பஞ்சை முலைப்பாலில் நனைத்துத் துளித்துளியாய் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னை ஏறிட்டு, "பேரு வைக்க வந்தீங்களா? அது கெடக்கு. போயி அடுப்பப் பாருங்க, குடில் குளுந்துடப்போவுது" என்றாள். நான் போய் அடுப்பைப் பார்த்தேன். முதல்நாள் இருமுறை அணையவிட்டு, அவளிடம் வசை கேட்டேன். மூன்றாம் நாள் குழந்தை தானே பால் குடித்தது. தாய் அதற்கு மீளி என்று பெயரிட்டாள். நான் அடுப்பில் விறகிட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று எம் நாட்டில் முப்பத்தொரு மீளிகள் இருக்கின்றனர். ஒருத்தி கிணற்றில் விழுந்து எடுக்கப்பட்டவள். ஒருத்தி, கடலில் தொலைந்தான் என்று கைவிடப்பட்ட தந்தை திரும்பிய நாளில் பிறந்தவள். ஒருத்தியின் தாயை ஏன் என்று கேட்டதற்கு, பிடித்திருந்தது என்றாள்; அதுவும் தக்க காரணமே.

செம்மணற்குறிச்சியிலும் ஒரு மீளி இருந்தாள். காய்ச்சலில் கிடக்கையில் அப்பெயரைச் சூட்டினார்கள். அவள் மீளவில்லை. நான் சென்று அவள் பெற்றோரோடு அமர்ந்திருந்தேன். ஆகவே இப்பெயர் உயிரை மீட்கும் என்று தங்களுக்கு எழுத என்னால் ஆகாது. அது உப்பளத்தில் ஒரு தந்தை மகிழ்ச்சி தாங்காது கத்திய சொல். அதற்குமேல் அதில் மறைபொருள் இல்லை.

எம்மிடம் இருப்பது பூதி. தங்கள் ஓலை வந்த நாழிகையிலேயே அவளை எம் விரைவுத்தேரில் ஏற்றிவிட்டோம். நான் இதை எழுதி முடிக்குமுன் அவள் எல்லையைத் தாண்டியிருப்பாள்; தாங்கள் படிக்கும்போது தங்கள் மகளருகே அமர்ந்திருப்பாள். தங்களை அதட்டினால் பொறுத்தருள்க. தாங்கள் அரசியார் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். அவள் அதைப் பொருட்படுத்துவாள் என்று தோன்றவில்லை.

மருத்துவச்சி பூதியை எம் எல்லைக் காவலரும் துறைக் காவலரும் போகையிலும் வருகையிலும் எவ்விடத்தும் தடுக்கலாகாது என்பது வேந்தர் ஆணை. சங்கு முத்திரை இட்டு, திருக்கையெழுத்தும் பெற்று, கார்த்திகைத் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள் விடுத்த ஓலை. குழந்தை தானே பால் குடித்த நாளை ஒரு வரியில் எழுதியனுப்புக. பெயரைப் பிறகு அறிந்துகொள்கிறோம்.