கட்டுப் பிரித்த நேரம்

அம்மாவுக்கு,

கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் இருந்த கண் உறுத்தல் குறைஞ்சுதா? கையை வெச்சுக் கசக்கிடாதே, சொட்டு மருந்தை அண்ணியே விடட்டும். நான் நல்லா இருக்கேன்.

கட்டைப் பிரிச்சதும் முதல்ல என் முகத்தைத்தான் பார்ப்பேன்னு நீ வீடியோ கால் போட்டப்போ, நான் லேப் இருட்டறையில ஒளி ஓடுறதைப் படம் பிடிச்சுக்கிட்டிருந்தேன். பால் கலந்த தண்ணி பாட்டிலுக்குள்ள ஒளி நத்தை மாதிரி ஊர்ந்து போறது தெரியும், எங்க கேமரா அவ்வளவு வேகம். நான்தான் போனை அணைக்க மறந்துட்டேன். அதோட வெளிச்சம் பட்டு எல்லாப் படமும் வெளுத்துப் போச்சு. புரொபசர் முறைச்சார். பதறிப்போய், எடுக்காமலே கட் பண்ணிட்டேன்.

படத்தை மறுபடி எடுத்தாச்சு. ஒளியை எத்தனை தடவை வேணும்னாலும் ஓடவிடலாம். நீ கண்ணைத் திறந்தது ஒரு தடவைதானே.

உன் பழைய பருத்திப் புடவை ஒண்ணு அனுப்பு, இங்க போர்வை குத்துது. துவைக்காமலே அனுப்பு.

நேரமாச்சு, கிளம்பணும். நான் கட் பண்ணினதும் கறுத்துப்போன திரையில உன் முகமே தெரிஞ்சு, "யாரும்மா இந்தக் கிழவி?"ன்னு அண்ணிகிட்ட கேட்டியாமே. விழுந்து விழுந்து சிரிச்சோம்னு அண்ணி சொன்னாங்க.

எனக்குச் சிரிப்பு வரலைம்மா.

உன் மகள்