குதிரை ஓரடி பின்வாங்கியது

அண்ணா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

நீ போனிலேயே ஏற்பாடு செய்த, குதிரையோடு பழகவைக்கும் சிகிச்சைக்கு இன்று அப்பாவை அழைத்துப் போனேன். பக்கவாதம் வந்த பிறகு கரண்டியைக்கூடப் பிடிக்காத கை, பிரஷ்ஷை வாங்கிக் குதிரையின் கழுத்தைத் தேய்த்தது. “சாப்பிட்டியாடா?” என்று அதைக் கேட்டார். இந்த எட்டு மாதத்தில் என்னை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கிட்டே போனேன். குதிரை காதுகளை மடக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கியது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. கோவத்தோட வந்தா அதுக்குத் தெரிஞ்சிடும்” என்றார் பயிற்சியாளர்.

“அவ கிட்ட வந்தா நானே பின்னால போறேன், குதிரை போகாதா? என் பையன் வரட்டும், அவன்கிட்ட நிக்கும்” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

காலையில் சட்டை மாட்டும்போது அவர் மணிக்கட்டை நான் எப்படிப் பிடித்தேன் என்பதை எழுதமாட்டேன். அப்புறம் முழுக்கைச் சட்டையாகப் பார்த்து மாற்றித்தான் அழைத்துப் போனேன்.

நாளைக்கும் நான்தான் மாட்டிவிட வேண்டும். பயமாக இருக்கிறது, அண்ணா. ஒரு மாதமாவது அவரை உன் வீட்டில் வைத்துக்கொள். சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை