மேடத்துக்கு எழுதிக் கொடுத்த அழுகை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எல்லோரும் உறங்கிய பிறகுதான் எனக்கு என் கை கிடைக்கிறது. சமையலறை விளக்கை மட்டும் போட்டிருக்கிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீயும் அத்தானும் நலம்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படியேறுவதைக் குறைத்துக்கொள் என்றால் கேட்கவா போகிறாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குட்டி நன்றாக இருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை நீ எதைப் பார்த்தாலும், யார் போன் செய்து என்ன சொல்லி அழுதாலும், குட்டி நன்றாக இருக்கிறாள். சாயங்காலம் லேசாகத் தும்மினாள், அவ்வளவுதான். போனில் சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு எழவில்லை.

மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்ததை உனக்கு எவ்வளவு பெருமையாக எழுதினேன்! காப்பீட்டு அலுவலகத்தில் அடுத்தவர் விபத்துகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவள் நான். படித்த தமிழ் மளிகைப் பட்டியல் எழுதக்கூட உதவவில்லை என்று வீட்டில் இவர் கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவளுக்கு, நடிப்பை விட்டுக் கடவுளிடம் வந்துவிட்டதாகச் சொல்லும் ஒரு பெரிய நடிகையின் பெயரில், பிரார்த்தனை கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதும் வேலை. நான் ஏனோதானோ என்று எழுதவில்லை. ஒவ்வொருவருக்காகவும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் எழுதினேன். தூக்கம் வராமல் தவித்த ஒரு லாரி டிரைவர், "உங்க வார்த்தையைப் படிச்சிட்டு அசந்து தூங்கிட்டேம்மா" என்று எழுதியிருந்தார். அம்மா என்றது மேடத்தைத்தான். இருந்தாலும் அன்று பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். வேலைக்குப் போகக் கால் துடித்தது அப்போதுதான்.

மேடத்தைப் பற்றிக் கேட்டாயே. பிரார்த்தனை வீடியோவுக்குக் கேமரா ஓடும்போது அவர் ஒருவர் கையைப் பிடித்தால் பார்க்கிற நமக்கே நெஞ்சு இளகிவிடும். கேமரா நின்றதும் அதே கையை நீட்டுவார், உதவியாளர் ஓடி வந்து கிருமிநாசினி ஊற்றுவார். ஒரு பார்வையற்ற பெரியவர் வந்திருந்தார். கேமராவை நிறுத்தியாயிற்று என்று அவருக்குத் தெரியாது. தன் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். மேடம் எப்போதோ எழுந்து போய்விட்டார். காலி நாற்காலியைப் பார்த்துப் பெரியவர் பேசுவதை மேடத்தின் மேனேஜர் போனில் படம் பிடித்து, "இதையும் பின்னால யூஸ் பண்ணலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பேன் தொல்லைக்காகக் குட்டிக்கு மொட்டை போட்டேன் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா? பொய். ஒரு தாய் தன் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று எழுதியிருந்தாள். அந்தக் குழந்தையை மடியில் வைத்துப் பிரார்த்திப்பதாக மேடம் அறிவித்துவிட்டார். கடைசி நேரத்தில் அந்தத் தாய், "என் பிள்ளையை வேடிக்கை காட்ட மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டாள். மேனேஜர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். "உங்க பாப்பா ஒல்லிதானே? நீங்க சோறு போடாததும் ஒரு நாளைக்கு உதவுதே" என்றார். முகம் பக்கவாட்டில்தான் தெரியும், ஒரே ஒரு வீடியோ என்றார்கள். இவரைக் கேட்டேன். "முடிதானே, முளைக்காதா?" என்றார்.

முடி இறங்கும்போது குட்டி அழவில்லை, அக்கா. மேடத்தின் மடியில் உட்காரப் போகிறோம் என்று அவளுக்குக் குஷி. உட்கார்ந்ததும் மேடம் காதில் ஏதோ சொல்லியிருக்கிறார், அதன் பிறகுதான் அழுதாள். வீட்டுக்கு வந்து கேட்டால், "அம்மா உன்னை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க" என்றாள். அந்த அழுகையை இத்தனை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று மேனேஜர் கேக் வெட்டினார்.

அன்றிலிருந்து தெரு மாறிவிட்டது. மருந்துக் கடைக்காரர் குட்டியைப் பார்த்தால் குரலைத் தாழ்த்துகிறார். எதிர்வீட்டுத் தையல்காரி தன் பிள்ளைகளிடம், "அவளை இடிச்சு விளையாடாதீங்கடா" என்கிறாள். குட்டியோ நோயாளி விளையாட்டு விளையாடுகிறாள். பொம்மையை மடியில் கிடத்தி, கண்ணை மூடி உதட்டை அசைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு கண்ணை மட்டும் திறக்கிறாள். அப்படியே மேடம்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், குழந்தை எப்படி இருக்கிறாள், எந்த ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் விடாமல் கேட்கிறார்கள். ஒருவர் செலவை ஏற்றுக்கொள்கிறேன், டாக்டர் பெயரைச் சொல்லுங்கள் என்கிறார். குணமாகிவிட்டாள் என்று சொல்லிவிடலாமே மேடம் என்று நான் கெஞ்சினேன். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குணமாயிட்டான்னா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. செத்துட்டான்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை அந்த அறிவிப்பு. வேறு ஏரியாவில் வீடு பார்த்துத் தருகிறார்களாம், குட்டியை வேறு பள்ளியில் சேர்க்க வேண்டுமாம். நான் வீடு வந்து சேர்வதற்குள் மேனேஜர் இவரிடம் போனில் பேசி முடித்திருந்தார். "வாயால சொன்னா செத்துடுவாளா? சினிமாவுல தினமும்தான் சாகறாங்க" என்று இவர் சட்டையை மாற்றிக்கொண்டார். பெரிய வீடாம். குட்டிக்குத் தனி அறையாம்.

இரங்கல் உரையை எழுத வேண்டியவள் நான். வேறு யார் எழுதுவார்கள்?

முதலில் எழுதியது சவசவ என்று இருந்தது. மேடம் காகிதத்தைத் தூக்கிப் போட்டு, "பெத்தவதானே நீ? இவ்வளவுதான் வருமா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, அக்கா. பயம் வர வேண்டிய இடத்தில் ரோஷம் வந்தது. திரும்ப உட்கார்ந்து எழுதினேன். சரசரவென்று வந்தது.

எங்கிருந்து வந்தது என்று உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. உன் மகன் போன பிறகு, குளியலறை வாசலில் உட்கார்ந்து நீ என்னிடம் மட்டும் சொன்னாயே. அவன் மருந்துக்கு வைத்த அலாரம் விடிகாலையில் அடித்துக்கொண்டே இருப்பதை. அதை அழித்தால் அவனை நாமே அனுப்பிவைத்தது போலாகிவிடும் என்று அழிக்காமல் வைத்திருப்பதை. அடித்ததும் எழுந்து மருந்து மூடியைக் கழுவித் துடைத்துத் திரும்ப வைப்பதை. ஒரு வார்த்தை விடவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது.

இன்று ஒத்திகை. படித்துவிட்டு மேடம் முதல் முறையாக என் தோளைத் தட்டினார். "அலாரம் பிரமாதம். நான் பேசும்போது நிஜமாவே அடிக்கட்டும்" என்றார். அடிக்க வைத்தார்கள். சரியாக அந்த இடத்தில் குரல் உடைந்தது, கண்ணீர் ஒரு கண்ணிலிருந்து மட்டும் இறங்கியது. லைட் பிடிக்கிறவர் அழுதுவிட்டார். முடிந்ததும் மேடம், "சத்தத்தைக் குறைங்கப்பா, தலை இடிக்குது" என்று காபி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் குனிந்து நன்றி சொன்னேன். சந்தோஷமாக இருந்தது, அக்கா. பஸ் ஏறும்வரை சந்தோஷமாகவே இருந்தது.

இப்போது கண்ணை மூடினால் வேண்டுதல் வருவதில்லை. மேடத்தின் குரலில் வாக்கியம்தான் வருகிறது. குட்டியின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், திரும்பப் போய்ப் பார்க்கிறேன். அந்த அலாரம் இன்னும் உன் வீட்டில் அடிக்கிறதா என்று நான் உன்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டியவள்தானே நான்.

எனக்காகத் துணிச்சல் வரவில்லை. குட்டிக்காகவும் வரவில்லை என்பதுதான் கேவலம். நீ சொன்னாய் என்றால் வரும். அது என்னுடையது, எடுக்காதே என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், அதைக் கொண்டு போய் மேடத்தின் முன் வைத்துவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்துவிடுவேன். அவள் அதிகம் சாப்பிட மாட்டாள், இரவில் அழ மாட்டாள், அத்தானுக்குத் தொந்தரவு இருக்காது. நீ எப்போதும் போலப் பெருந்தன்மையாக, பரவாயில்லை, உனக்கு வேலை முக்கியம், எடுத்துக்கொள் என்று மட்டும் எழுதிவிடாதே. எழுதினால் நான் எடுத்துக்கொள்வேன்.

கடவுள் உன்னையும் அத்தானையும் நலமாக வைத்திருக்கட்டும். இதை நானேதான் எழுதுகிறேன்.

உன் தங்கை

வெள்ளிக்கிழமைக்கு முன் சீக்கிரம் பதில் போடு, அக்கா.