பத்தாவது கண்

ஜனவரி 14
ஒன்பது பேரின் கண்ணை அளந்தாச்சு. பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. வெளிச்சம் பட்டதும் விழித்திரையின் ஒளிச்செல்கள் எவ்வளவு பெரிய அலை எழுப்பும் என்று முன்கூட்டியே சொல்வது என் சமன்பாடு. பத்தும் அதில் பொருந்தினால் கட்டுரை. கட்டுரை வந்தால்தான் வேலை நிரந்தரம். நாளைக்குத் தம்பியை இழுத்து வர வேண்டியதுதான். வேனை ஒரு நாள் ஓட்டாவிட்டால் குடி முழுகிடாது.

ஜனவரி 15
இருட்டறைக்குள் வந்ததும் நாற்காலியில் முட்டினான், மேசையில் முட்டினான். குருட்டுக்கோழி என்று சிரித்தேன். சின்ன வயசிலிருந்தே வீட்டில் அவனுக்கு அந்தப் பேர்தான். நாற்பது நிமிடம் இருட்டுக்குப் பழக்கி, கண்ணில் மின்முனை பொருத்தி, பிளாஷ் அடித்தேன். மற்றவர்களுக்கு எழுந்த அலையில் பாதிகூட இல்லை. மறுபடி அடித்தேன். அதே. மூன்றாவது தடவை கத்திவிட்டேன்.
"அஞ்சு நிமிஷம் இமைக்காம இருக்க உனக்கு என்ன கேடு?"
இமைக்கவில்லை என்று சாதித்தான். போடா.

ஜனவரி 17
சாரிடம் காட்டினேன். என் வழிகாட்டிக்கு வழவழவென்று போகிற கோடுதான் பிடிக்கும். ஒரு ஆளுக்காகச் சமன்பாட்டை வளைக்காதே என்றார். பட்டியலில் தம்பி பெயருக்கு நேரே எழுதினேன்: ஒத்துழைக்கவில்லை, நீக்கப்பட்டது. அவனுக்குப் பதிலாக நூலகரைப் பிடித்து உட்கார வைத்தேன். தங்கமான மனுஷர், கச்சிதமாகப் பொருந்தினார்.

பிப்ரவரி 3
கை சும்மா இருக்கவில்லை, தம்பியின் அலையைத் திரும்ப எடுத்தேன். உயிரோடிருக்கும் செல்களின் பங்கு என்று சமன்பாட்டில் ஓர் எண் உண்டு. எல்லோருக்கும் 1 என்று பூட்டி வைத்திருந்தேன். அவனுக்கு மட்டும் 0.4 போட்டேன். கோடு அலைமேல் அப்படியே உட்கார்ந்தது. மூன்று தடவையும்.
அவன் இமைக்கவில்லை. இருட்டில் பார்க்க உதவுற செல், பத்தில் ஆறு செத்துக் கிடக்கு.
சொல்லணும். சொன்னா வண்டி ஓட்ட விடமாட்டாங்க, வண்டிதான் அவனுக்கு உசுரு — சீ, யாரை ஏமாத்துறேன்? சொன்னா அவனை நீக்கினது பொய்யாகிடும், கட்டுரை மறுபடி முதல்ல இருந்து. அவ்வளவுதான்.

பிப்ரவரி 4
சொல்லவில்லை.

பிப்ரவரி 20
கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். தம்பி கேக் வாங்கி வந்தான். வாசற்படி தடுக்கி, கேக் கவிழ்ந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 2
சாயங்காலம் ஆறரைக்கு, விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் வேனைக் கொண்டுபோய் விட்டிருக்கிறான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.
குடித்திருந்தானா என்று போலீஸ் கேட்டது. குடிக்கிற பழக்கமே கிடையாது அவனுக்கு. லாரி கண்ணிலேயே படவில்லை என்கிறான், ஒருத்தரும் நம்பவில்லை. நான் நம்புறேன். பக்கத்துலதானே நின்னேன், வாயைத் திறந்தேனா?

ஏப்ரல் 26
ஊன்றுகோலோடு ஆய்வகத்துக்கு வந்தான். கவனக்குறைவு என்று எழுதி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.
"கண்ணுல ஏதாவது கோளாறான்னு பாருக்கா. போன தடவை நான்தான் கெடுத்துட்டேன்."
நாற்பது நிமிடம் இருட்டில் காத்திருந்தான். பிளாஷ் அடிக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். அலை வந்தது. 0.35.
"சரியா வந்துச்சாக்கா?"
நீ இமைச்சிட்டே என்றேன்.
"மன்னிச்சுக்கோக்கா. இன்னொரு தடவை அடி."