தண்ணீர் வருமுன்னே பிரித்த கூரை

மதராசி கேம்ப், ஜங்புரா, டெல்லி
மார்கழிக் கடைசி

அன்பு மகள் பூங்கோதைக்கு,

கோக்கா கோலாக்காரன் நம் நாட்டை விட்டுக் கடையைக் கட்டிக்கொண்டு போன மறு வருஷம், யமுனை ஊருக்குள் வந்ததே, நீ ஐந்தாவது பாஸான வருஷம், ஞாபகம் இருக்கிறதா. அன்றைக்குக் கேட்ட பேச்சு இன்றைக்கு உன் கடிதத்தில் வந்திருக்கிறது. அதற்கு முன்னே சுகம் விசாரிக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் சுகம். குளிர் பல்லைக் கிட்ட வைக்கிறது, உன் அம்மா ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மூணாவதைத் தேடுகிறாள். இதை எழுதுவது நான் தோட்டவேலை பார்க்கிற மோதி பாக் வீட்டு ஜெயலட்சுமி அம்மா. கைதான் அவர்களுடையது, வாய் என்னுடையது.

உன் கடிதத்தையும் அவர்கள்தான் படித்துச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நிரந்தர ஆயா வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது, முன்னே ரெண்டு தடவை போயும் எடுக்கவில்லை, இந்தத் தடவையும் எடுக்கமாட்டார்கள், அதனால் போகப்போவதில்லை, இல்லை என்று முதலிலேயே நினைத்துவிட்டால் மனசு நோகாது என்று எழுதியிருக்கிறாய். இது நம் எதிர்வீட்டு அய்யாசாமி பேச்சு மகளே. அவனுக்கு வானம் கறுத்தால் இடி, வெளுத்தால் பஞ்சம். சின்ன வயசில் ஒரு புயலில் எதிர்பாராமல் வீடு வாசலைப் பறிகொடுத்தவன், அதிலிருந்து எல்லாக் கெட்டதையும் முன்கூட்டியே நினைத்து வைத்துக்கொள்வான். அவனைக் குறை சொல்லவில்லை, அடி பட்ட மாடு நிழலைக் கண்டாலும் மிரளத்தான் செய்யும்.

அந்த வருஷம் வெள்ளம் வருகிறது என்று ஜீப்பில் மைக் வைத்துச் சொன்னார்கள். நாம் எல்லாரும் பாத்திரம் பண்டம், ரேஷன் கார்டு, டிரங்குப் பெட்டி எடுத்துக்கொண்டு ரயில் மேட்டில் ஏறினோம். அது புத்தி. அய்யாசாமி என்ன செய்தான், எப்படியும் ஆறு அடித்துக்கொண்டு போகத்தானே போகிறது என்று தன் கையாலேயே தகரத்தைப் பிரித்தான், மூங்கிலைப் பிடுங்கினான், தொட்டில் கட்டுகிற கொக்கியைக்கூட விடவில்லை. அவன் பெண்சாதி பாப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணீர் வந்தது, நாலா பக்கமும் விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்தது, அடுப்பை நனைத்தது, மறுநாள் வடிந்துவிட்டது. நாமெல்லாம் விளக்குமாற்றை எடுத்துச் சேறு தள்ளினோம். அய்யாசாமி இடத்தில் மூங்கில் பிடுங்கின குழிகள், அதற்கு நடுவில் ஒரு எருமை படுத்து அசை போடுகிறது. நம் கேம்பில்தான் தெரியுமே, சுவர் நிற்கிற வரைக்கும்தான் இடம் நம்முடையது. எருமைக்குச் சொந்தக்காரனான பால்காரன் காலி ஜகா, வெறும் இடம்தானே பையா என்று நிற்கிறான். நம் வரிசை வீட்டு அந்தோணி இந்தியில் பேசிப் பேசிப் பால்காரனைச் சம்மதிக்க வைத்தான், எருமை சம்மதிக்கவில்லை. நனைந்துபோன நம் வீட்டு அரிசியைக் காட்டிப் பாப்பம்மாள்தான் அதை எழுப்பினாள். பக்கத்து வீட்டு வேலுவும் அந்தோணியும் நானும் அய்யாசாமி, பாப்பம்மாளோடு சேர்ந்து பொழுது சாய்வதற்குள் கூரையைத் தூக்கி நிறுத்தினோம். தண்ணீர் கொண்டுபோகாததை இவன் பயம் கொண்டுபோய் எருமைக்குக் கொடுக்கப் பார்த்தது.

அன்றிலிருந்து அவன் எதைச் சொல்லிப் பயந்தாலும் பாப்பம்மாள் திட்டமாட்டாள். "சரி, அப்புறம்?" என்பாள். மழை கொட்டும் என்பான். அப்புறம்? ஒழுகும். அப்புறம்? சட்டியை வைப்போம். அப்புறம்? போடி, கஞ்சியை ஊத்து என்பான். கேம்பே சிரிக்கும். நீயும் கேட்டுப் பார். எடுக்கமாட்டார்கள், சரி, அப்புறம்? இப்போது பார்க்கிற நர்சிங் ஹோம் வேலை இருக்கிறது. அப்புறம்? மாசியில் இங்கே வருகிறாய், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கி உன் அம்மா குழம்பு வைக்கிறாள். இதுதானே மிஞ்சிப் போனால். முதலிலேயே நினைத்தால் நோகாது என்கிறாயே, கடிதம் பூரா நோவுதானே எழுதியிருக்கிறாய். எடுப்பார்கள் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. இல்லை என்று சொல்ல வேண்டியது அவர்கள், அந்த வேலையையும் நீயே ஏன் செய்கிறாய். நீ போகாவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்காது, யாராவது எருமையைக் கட்டிவிடுவான்.

தை பிறந்த முதல் புதன் என்று எழுதியிருக்கிறாய். பச்சைச் சேலையைக் கட்டிக்கொள், வெறும் வயிற்றோடு போகாதே, கேட்டதற்குத் தலை நிமிர்ந்து பதில் சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் ரெண்டு பேரும் குறைவில்லாமல் இருக்க முருகன் துணை இருப்பான்.

இப்படிக்கு உன் அப்பா
ஜோதிலிங்கம் (பெருவிரல் ரேகை)

அன்றைக்குக் கூரை தூக்கினவர்கள் எல்லாரும் ஆசி சொன்னதாகச் சேர்த்து எழுதட்டுமா என்று ஜெயலட்சுமி அம்மா கேட்கிறார்கள். எல்லாரும் எங்கே இருக்கிறார்கள். வேலு போய்விட்டான், அந்தோணி போய்விட்டான், பாப்பம்மாளும் போன ஆவணியில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த பொங்கலைப் பார்க்கமாட்டேன் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே கேம்பில் முதல் ஆளாய்க் கரும்பு வாங்குகிறவன் ஒருத்தன்தான் என்னோடு மிச்சம். பஸ் கட்டாயம் லேட்டாகும், பூங்கோதைப் பாப்பாவை விடியுமுன்னே கிளம்பச் சொல் என்கிறான். போகாதே என்று அவன்கூடச் சொல்லவில்லை பார், அய்யாசாமி.