சோறு போடுற சாமான்

11 அக்டோபர் 2024, வெள்ளி

ரவாங். வீடு கட்டும் கம்பெனி ஆபீசில் இரண்டாவது நாள். வரப்போகும் தாமானுக்கு, அந்தப் புதுக் குடியிருப்புக்கு, பன்னிரண்டு படங்கள் கேட்கிறார்கள். வீட்டு முகப்பு, சமையலறை, சாயங்கால வெளிச்சத்தில் வாசல். எல்லாம் கணினியில் நான் கட்டவேண்டிய வீடுகள். இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுத்தால் ஒரு வருட வேலை என்னிடமே. மேனேஜர் கங்கா அக்கா வாசல் வரை வந்து, "உங்களுக்காகத்தான் பேசி வெச்சிருக்கேன் லோகா, விட்றாதீங்க" என்றார்.

இன்று ஆயுத பூஜை. வீட்டில் இல்லாதது ஒரு விதத்தில் நிம்மதி. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்புவார். மோட்டார் சைக்கிள், ஸ்பேனர் பெட்டி, மண்வெட்டி, அம்மாவின் தையல் மிஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, என் அறையை மட்டும் தாண்டிப் போய்விடுவார். போன வருடம் கேட்டே விட்டேன். "சோறு போடுற சாமானுக்குத்தாம்மா சந்தனம். டிவிக்கு வெக்கிறோமா?" என்றார். முப்பத்தாறு வருடம் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிக் கேட்டால், "இல்லாத வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன்.

இந்த ஒப்பந்தம் கிடைத்தால் அவர் வாயால் ஒரு தடவை "வேலை" என்று வரவேண்டும். முப்பத்தொரு வயதில் இப்படியும் ஓர் ஆசை.

13 அக்டோபர், ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தபோது இடி மழை. உள்ளே இருட்டு. வழக்கம்போல அப்பா மெயின் சுவிட்சை அடைத்து வைத்திருந்தார். மழை விட்டதும் போட்டார். மறுபடி இடித்தது, மறுபடி அடைத்தார். நான் பிளக்கைப் பிடுங்காமலே ரவாங் போயிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நாளை காலை ஆரம்பிக்கவேண்டும்.

14 அக்டோபர், திங்கள்

கணினி எழவில்லை.

விசிறி சுற்றுகிறது. விளக்கு எரிகிறது. திரை கறுப்பு. உள்ளிருந்து ஒரு நீளச் சத்தம், இரண்டு குட்டைச் சத்தம். படக் கார்டு தெரியவில்லை என்று அதற்கு அர்த்தமாம்.

கார்டைக் கழற்றிவிட்டு, திரை வயரை மதர்போர்டிலேயே சொருகிப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொண்டது. கார்டைத் திரும்பப் போட்டேன். கறுப்பு. கார்டு இல்லாவிட்டால் ஓடும், ஆனால் கார்டு இல்லாமல் என் வேலை நடக்காது. ஒரு சமையலறைப் படத்துக்கு இரண்டு நாள் எடுக்கும், அதுவும் பாதியில் நின்றுபோகாமல் இருந்தால்.

15 அக்டோபர், செவ்வாய்

கழற்றி மாட்டியது ஏழு தடவை. வயர் மாற்றினேன். கார்டின் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன். போர்டின் குட்டி பேட்டரியைக் கழற்றி, அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாட்டினேன். ஒரு நீளம், இரண்டு குட்டை.

அப்பா வாசலில் வந்து நின்று, "என்னம்மா, ஸ்டார்ட் ஆவலியா?" என்றார். கார்டை மறுபடியும் கழற்றினேன்.

16 அக்டோபர், புதன்

கார்டை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுபோய் கோலசிலாங்கூர் டவுனில் கணினி ரிப்பேர் பார்க்கும் கோகிலன் கடையில் கொடுத்தேன். அவருடைய கணினியில் மாட்டியதும் பளிச்சென்று படம் வந்தது. "கார்டு நல்லாத்தான் இருக்கு லா. வீட்டுல கரண்டு கிரண்டு அடிச்சுச்சா?" என்றார். மெயின் சுவிட்ச் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டினார். "அப்ப பவர் சப்ளைதான். கார்டு நெறைய கரண்டு இழுக்கும், அதுக்குத் தாங்கல. சனிக்கெழம புதுசு வந்துரும்."

வீட்டுக்கு வந்து — எழுதவே கஷ்டமாக இருக்கிறது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கத்தினேன். யாரைக் கேட்டு மெயின போட்டுப் போட்டு அடைச்சீங்க, உங்க டிராக்டர்னா இப்படிச் செய்வீங்களா, நான் முன்னுக்கு வரது உங்களுக்குப் புடிக்கல, வேணும்னே செஞ்சீங்க என்று என்னென்னவோ. அம்மா "வாய மூடுடி" என்றாள்.

"நான் ஏம்மா வேணும்னு செய்யப்போறேன்" என்றார். அவ்வளவுதான். சோற்றில் கை அப்படியே இருந்தது. அப்புறம், "இனிமே உன் பொட்டிகிட்ட வரலம்மா" என்றார்.

17 அக்டோபர், வியாழன்

காலையில் துணிப்பையோடு அசாம் ஜாவாவில் இருக்கும் செல்வா அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லவில்லை. பையை மோட்டார் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போனதை ஜன்னல் வழியே பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம்.

19 அக்டோபர், சனி

புது பவர் சப்ளை மாட்டியாகிவிட்டது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

அப்படியானால் காரணம் கரண்டு இல்லை. அப்பா இல்லை. இது எனக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது. இப்போது மணி ஆறு. போன் பக்கத்திலேயே கிடக்கிறது. ஒரு வார்த்தை, "நீங்க இல்லப்பா" என்று சொன்னால் போதும். என்ன திமிர் எனக்கு?

22 அக்டோபர், செவ்வாய்

கோகிலனுக்கு போன். "அப்ப போர்டுதான் போயிருக்கும் லா, மாத்த ரெண்டு வாரம் ஆவும்" என்கிறார். இருபத்தைந்துக்கு மூன்று நாள்தான். தரத்தைக் குறைத்து, கார்டு இல்லாமலே ஓட்டுகிறேன். சுவர் எல்லாம் மங்கலாக வருகிறது.

25 அக்டோபர், வெள்ளி

நான்கு படம்தான் கொடுத்தேன். கங்கா அக்கா "பரவால்ல லோகா" என்றார். அந்தப் பரவாயில்லையின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. அண்ணன் வீட்டுக்கு அம்மா மட்டும் போனாள். எனக்குத் தலைவலி என்று சொல்லச் சொன்னேன். தலை வலிக்கவில்லை.

9 நவம்பர், சனி

வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டதாக நேற்று தகவல் வந்தது. கணினியைப் பாகம் பாகமாக விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, சுத்தம் பண்ணுவதற்காக முதல் தடவையாகப் பெட்டியைப் படுக்கப் போட்டேன். கார்டு சொருகும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பற்களுக்கு நடுவில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. துரு என்று நினைத்து ஊசியால் கிளறினேன். பொடியாக வந்தது. முகர்ந்தேன்.

சந்தனம்.

மேலே போர்டில் ஒரு கோடு, மெலிசாக, மேல்தட்டின் காற்று ஓட்டைகளிலிருந்து இறங்கி நேராகப் பள்ளத்துக்குள் போகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாதான் வெச்சாரு. அன்னிக்கு நீ ரவாங்ல இருந்த. டிராக்டருக்கு வெக்கிற மாரியே பன்னீர ஊத்திக் கொழச்சு, மேல பெருசா வெச்சு, மஞ்சத் தண்ணியும் தெளிச்சாரு. அவகிட்ட சொல்லாத, வந்து பாக்கட்டும்னாரு. நாந்தான் மறுநா தூசி தொடைக்கிறப்ப தொடச்சுப்புட்டேன். திட்டுவியேன்னு பயந்துகிட்டு."

அதற்கப்புறம் அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடமாக எதற்காகக் காத்திருந்தேனோ, அது ஒரு மாதமாக என் கண்ணுக்கு முன்னாலேயே, மேசையில் இருந்திருக்கிறது. அதைத்தான் நான் பழுது என்று தேடிக்கொண்டிருந்தேன். அது தெரியாமல் அவரைப் போய் — வேணும்னே செஞ்சீங்கன்னு சொன்னேனே. சாப்புடுற மனுசன.

10 நவம்பர், ஞாயிறு

பல் தேய்க்கும் பிரஷும் ஸ்பிரிட்டும் வைத்து ஒரு மணி நேரம் பள்ளத்தைத் துடைத்தேன். கார்டைப் போட்டேன். எழுந்துகொண்டது. சந்தோஷமே வரவில்லை.

அசாம் ஜாவா போனேன். அப்பா அண்ணன் வீட்டுப் பின்னால் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது எதுவும் வரவில்லை.

"பொட்டி ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"என்னவாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். பிடிபட்டுவிடும் என்று பயமில்லை. ஆனால் அவர் சந்தனம் வைத்ததை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியவேண்டும்போல இருந்தது. சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. மண்வெட்டியை மண்ணில் ஊன்றினார்.

"அப்ப நாந்தான்" என்றார்.

"இல்லப்பா. நான் பேசினதுதான் தப்பு. நீங்க சந்தனம் வெச்சீங்களே, அது எனக்கு—"

"வேல போயிருச்சுன்னு அம்மா சொன்னா." வாழையைப் பார்த்தபடியே சொன்னார். முதல் தடவையாக அந்த வார்த்தை.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து ஐந்து நாள். நன்றாகப் பேசுகிறார், சாப்பிடுகிறார், பக்கத்து வீட்டு பாலகிருஷ்ணன் மாமாவோடு கடைக்குப் போகிறார். என் அறைக்குள் மட்டும் வருவதில்லை. சாப்பிடக் கூப்பிடவேண்டும் என்றால்கூட நிலைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறார். இடி இடித்தால் மெயின் சுவிட்சைத் தொடுவதில்லை. என்னைப் பார்க்கிறார், நான்தான் எழுந்துபோய் அடைக்கிறேன்.

3 மார்ச், திங்கள்

ரவாங் பாக்டரியில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. முதல் நாள். கணினிக்குத் துணி போட்டு மூடியாயிற்று.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜைக்கு லீவு எடுத்தேன். துணியை எடுத்துவிட்டு, காலையிலேயே கணினியைத் துடைத்து வைத்தேன். இந்த வருடம் அம்மா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தாள்.

மோட்டார், ஸ்பேனர் பெட்டி, மண்வெட்டி, தையல் மிஷின். அப்பா கிண்ணத்தோடு வந்து என் அறை வாசலில் நின்றார்.

"உள்ள வாங்கப்பா. மேல வேணாம், இந்தப் பக்கத் தகட்டுல வெச்சா ஒண்ணும் ஆவாது."

"வேணாம்மா. நல்லா ஓடுறத ஏன் கெடுக்கணும்."

"ஒண்ணும் ஆவாதுப்பா."

கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீ வை. நான் இங்கேருந்து பாக்குறேன்."

வைத்தேன். கோணலாக வந்தது. அதன்மேல் குங்குமம் வைத்தேன். அப்பா கழுத்தை நீட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"சோறு போடுற சாமான்," என்றார். "பத்தரமா வெச்சுக்க."

ஏழு மாதமாகச் சோறு போடுவது ரவாங் பாக்டரி. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சரிப்பா" என்றேன்.

அப்புறம் அவர் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கை கழுவிக்கொண்டு வந்து அவருக்குத் தேத்தண்ணி போட்டேன்.